சத்தமில்லாத சாலையில் விடுப்பர்

ஒஸ்லோவில் ஒரு தமிழன் தும்மினால், அது அசல் ஜலதோஷமா அல்லது வேலைக்கு மட்டம் போடுவதற்காகத் தும்மியதா என்பது, அவன் கைக்குட்டையை எடுப்பதற்குள் விடுப்பருக்குத் தெரிந்துவிடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்தில் ரொம்சோஸ் அடுக்குமாடிகளில் குடியிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் குறைத்துச் சொல்லிவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்கள்.

விடுப்பு என்றால் நமக்கு லீவு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது. அந்த நுழைப்பை ஒரு தவம் போலச் செய்தவர் என்பதால் ஊர் அவருக்கு விடுப்பர் என்று பெயர் வைத்திருந்தது. அசல் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டுக் கதவில் எழுதியிருந்தது அவருடைய அப்பாவின் பெயராம். அகதியாக வந்து இறங்கியபோது யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள், இவரும் அப்படியே விட்டுவிட்டார். ஊரார் தமக்கு வைத்த பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

ரெண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. திருச்சியிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனி என்னைப் பார்சல் கட்டி ஒஸ்லோவுக்கு அனுப்பியிருந்தது. விடுப்பர் வீட்டுக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்தேன். முதல் நாள் லிஃப்டில் அவரும் ஏறினார். கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து. ஒரு பள்ளிக்கூடத்தில் வக்த்மெஸ்தர், அதாவது கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாங்க. திருச்சி."

"திருச்சியிலை எவடம்?"

"உறையூர் பக்கம்."

"அப்பா என்ன செய்யிறார்? கூடப் பிறந்தவை எத்தினை பேர்? தங்கச்சி கலியாணம் முடிச்சிட்டாவோ?"

லிஃப்ட் அவர் மாடியை எட்டுவதற்குள் என் குடும்பச் சரித்திரம் முழுவதும் அவர் பக்கம் போய்விட்டது. கதவு திறந்தபோது என் கையிலிருந்த பையைப் பார்த்து, "உந்த அரிசி சரிவராது தம்பி, குழைஞ்சுபோம். நீர் பேந்து வாரும், நல்லது தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அதுவரை யாரும் 'நீர்' என்று சொன்னதில்லை. ராஜா நாடகத்தில் மந்திரியாக நிற்பது போல இருந்தது. அரிசி விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது.

சாவிக்கொத்து அவருக்குச் சோறு போட்ட வேலை. உயிரான வேலை வேறு. யாழ்ப்பாணக் குடும்பங்களில் ஒரு சம்பந்தம் வந்தால் அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். இப்போது மாப்பிள்ளை டொரொண்டோவில், பெண் ஒஸ்லோவில், அடுத்த வீடு சிட்னியில். யார் போய் விசாரிப்பது? விடுப்பர்தான். உலகம் பூராவும் அவருக்கு ஆள் இருந்தது. சுரண்டிப் பேசும் தொலைபேசி அட்டைகளை அவர் அளவுக்குச் சுரண்டிய நகம் நோர்வேயில் வேறு இருந்திருக்காது. கூலி கிடையாது. ஒரு தேத்தண்ணி, எதையும் யாரிடமும் கேட்கலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான் கேட்பார்.

உள்ளூர் விசாரணைக்கு சைக்கிள். கேரியர், டைனமோ, ஸ்டாண்டு, பாத்திரக்கடையில் வாங்கியது போல ஒரு மணி. குளிர்காலத்தில் ஆணி வைத்த டயர் மாட்டிக்கொண்டு ரொம்சோஸ் மேட்டில் பனிக்குள் ஏறுவார். பனிச்சறுக்குக்குப் பிறந்த நோர்வேக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

"கார் எண்டால் சத்தம், தம்பி. சத்தம் கேட்டால் சனம் கதையை நிப்பாட்டிப்போடும். சைக்கிள் வாறது ஆருக்குத் தெரியும்?" என்பார்.

அவருடைய உத்தி மிகவும் எளிமையானது. மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே சைக்கிளை நிறுத்துவார். பம்பை எடுத்து டயருக்குக் காற்று அடிப்பார். காற்று அடிக்கும் மனிதனை உலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஹவுகெட்டோ ஸ்டேஷன் வாசலில் இப்படி அடித்துக்கொண்டிருந்தபோது, ரயில் ஏற வந்த மாப்பிள்ளை ஒரு கிழவியை முந்திக்கொண்டு பாய்ந்து ஏறியதைப் பார்த்தார். "கிழவிக்கு வழி விடாதவன் பெண்டாட்டிக்கு என்னத்தை விடுவான்?" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி.

பியோர்ண்டாலில் ஒரு வீடு. பால்கனியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பயங்கரச் சண்டை. ஒரு வார்த்தையும் தவறவிடக்கூடாது என்று விடுப்பர் அடித்துக்கொண்டே இருந்தார். டயர் எவ்வளவுதான் தாங்கும்? வெடி வெடித்தது போல ஒரு சத்தம். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் பதறியடித்துக் கீழே ஓடி வந்து, இவரைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போய் உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். "சண்டைக்குள்ளையும் ஆளுக்கு உதவி செய்யிற குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தம்பதி இப்போது இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அவருக்கு ஒரே ஒரு தலைக்கனம் உண்டு. யாழ்ப்பாணத்தானை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். "நடையைப் பார்த்தால் ஊர். குந்துறதைப் பார்த்தால் குறிச்சி." குறிச்சி என்றால் ஊருக்குள் எந்தப் பகுதி என்பது வரை. ஒருநாள் மெட்ரோ மேடையில் தூரத்தில் நின்ற ஒரு முதுகைக் காட்டி, "கரவெட்டி" என்றார். நான் போய்க் கேட்டேன். கரவெட்டிதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மனிதனிடம் எதையும் மறைக்க முடியாது என்று அன்று முடிவுக்கு வந்தேன்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் குண்டு விழுந்தது. ஒரே மகள் அபி, மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பாரிசில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நிரோஜன் என்ற பையனைப் பார்த்துப் பழகி, அவனைத்தான் கட்டுவேன் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள். பையன் பிரான்சில் பூர்கோஞ் என்ற பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறான். வைன் தயாரிக்கும் இடத்தில் அதைப் பரிசோதித்துப் பார்க்கிற வேலை.

"சாராயம் வடிக்கிறவனோ?" என்றார் விடுப்பர்.

"ஹெர்ரெகுட், அப்பா! அது வைன். அவர் லாபிலை வேலை செய்யிறார்." 'கடவுளே' என்பதை அவள் நோர்வே மொழியில்தான் சொல்வாள்.

"லாபிலை வடிச்சாலும் வடிக்கிறது வடிக்கிறது தானே."

அது கூடப் பெரிய சிக்கல் இல்லை. விடுப்பர் அன்றைக்கே பாரிசுக்குப் போன் போட்டார். பாரிசில் அவருக்குத் தெரியாத தமிழ்க்கடை இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் பாரிசை விட்டுப் போய்க் கனகாலம். கல்யாணம் காட்சிக்கு மகன் மட்டும் வருவான். ஏன் போனார்கள்? தெரியாது. அந்தக் கிராமத்தில் வேறு தமிழர்? ஒருத்தரும் இல்லை.

'தெரியாது' என்ற சொல்லை விடுப்பர் தம் வாழ்நாளில் அதுவரை விசாரணையின் முடிவாகக் கேட்டதே இல்லை. மனிதர் இளைத்துப்போனார். "சனத்தை விட்டுட்டு ஒருத்தன் காட்டுக்குள்ளை போய் இருக்கிறான் எண்டால் என்னவோ இருக்கு தம்பி. எதையோ மறைக்கிறான்" என்று லிஃப்டில் புலம்பினார்.

அபி சண்டை போட்டிருந்தால் விஷயம் சுலபமாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. "அப்பா போய்ப் பார்த்து ஓம் எண்டால் செய்யிறன். இல்லையெண்டால் விடுறன். பிறகு ஒண்டும் கேக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டாள். ஊரில் எத்தனையோ கல்யாணத்தைக் கலைத்த அப்பாவின் கையில் தன் கல்யாணத்தைக் கொடுத்துவிட்டு அவள் பேசாமல் வேலைக்குப் போய் வந்தாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டினேன். பிளஸ் டூவில் நான் பிரெஞ்சு எடுத்துப் படித்தவன். பிரான்ஸ் மேல் உள்ள பிரியத்தால் இல்லை. தமிழில் மார்க்கைக் கிள்ளிக் கொடுப்பார்கள், பிரெஞ்சில் அள்ளிக் கொடுப்பார்கள் என்பதால் எங்கள் ஸ்கூலில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்தோம். பியேர் சந்தைக்குப் போகிறான், அலமாரி பெரியதாக இருக்கிறது என்ற அளவில் நான் பிரெஞ்சில் புலவன். இதைப் பெருமையாக ஒருமுறை விடுப்பரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"தம்பிக்குப் பிரெஞ்சு தெரியும். தம்பி வாறார்" என்று அறிவித்துவிட்டார்.

"அண்ணே, அது மார்க்குக்குப் படிச்சது! அதை வெச்சு ஒரு டீ கூட வாங்க முடியாது!"

"தேத்தண்ணி நான் போத்தலிலை கொண்டு வாறன். நீர் விசாரியும்."

அன்று மாலை அபி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "அண்ணா, அப்பா போனால் பிழை கண்டுபிடிக்காமல் வரமாட்டார். பிழை இல்லையெண்டாலும் கண்டுபிடிப்பார். நீங்கள் எப்பிடியாவது…" என்றவள் மேலே சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் போய் இறங்குவது என்று திட்டம். பாரிஸ் வழியாகப் போனால் ஒரு தமிழராவது பார்த்துத் தகவல் கொடுத்துவிடுவார் என்பதால் லியோனில் விமானம் இறங்கி, அங்கிருந்து சின்ன ரயிலில் ஒரு சின்ன ஊர். நான் அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். விடுப்பர் தம்முடைய சைக்கிளையே பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஒஸ்லோவிலிருந்து கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இது என்ன என்று மணியை அடித்துப் பார்த்ததில் பக்கத்து வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

இதிலே ஒரு கூத்து. வேவு பார்க்கப் போகிற மனிதர் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய டப்பா நிறையப் பயத்தம் உருண்டை கட்டியிருந்தார். வறுத்த பயறு மாவில் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிடிக்கிற யாழ்ப்பாணத்துப் பலகாரம். அவர் மனைவி செய்து கொடுத்தது.

"அண்ணே, நாம ரகசியமா போறோம். பலகாரம் எதுக்கு?"

"ரகசியமாய்ப் போனாலும் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதே?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். வளர்ப்பு சரியில்லாதவனைப் பார்க்கிற பார்வை.

முதலில் ஒரு கால்வாய்க் கரை. அப்புறம் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டு, சைக்கிளும் நடப்பவர்களும் போவதற்காக மட்டும் சமப்படுத்தி விட்டிருக்கிறார்கள். கார் வரமுடியாது. லாரி வரமுடியாது. இரண்டு பக்கமும் மரம் கவிந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் வயிற்றோரமாக, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், பாதை தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய ஸ்டேஷன்கள் பூட்டிக் கிடந்தன. ஒன்றின் ஜன்னலில் யாரோ பூச்செடி வைத்திருந்தார்கள்.

விடுப்பருக்கு முதல் மணி நேரம் நரகமாக இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. "என்ன தம்பி உது, சனமே இல்லை! ஆரிட்டை விசாரிக்கிறது? மாட்டிட்டையோ?" வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை மாடுகள் நின்றன. அவற்றையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் மிதித்தார். கடைசியில் தோட்டத்தில் ஒரு மூதாட்டி கண்ணில் பட்டதும் என்னைத் தள்ளிவிட்டார். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஏதாவது தெரியுமா என்று கேட்பதாக நினைத்து நான் எதையோ கேட்டேன். அந்த அம்மாள் மூச்சு விடாமல் பதில் சொன்னார். உள்ளே போய் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னவாம்?"

"தக்காளி நல்லா இருக்குமாம்."

"நீர் என்னத்தைக் கேட்டனீர்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வளைவு திரும்பினோம். மரங்கள் விலகின. பள்ளத்தாக்கு திறந்துகொண்டது.

மென்பொருளை விட்டுவிட்டு, நான் இப்போது எழுத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு பல வருஷமாகச் சோறு தின்கிறேன். அந்த இடத்தைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கச் சரிவிலும் திராட்சைக் கொடி வரிசைகள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை போல. நடுவே தேன் நிறக் கல்லில் கட்டிய சின்ன ஊர், ஒரு மாதா கோயில் கோபுரம். வெயில் சுடாமல் எல்லாவற்றின் மேலும் படுத்துக் கிடந்தது. இலைகளின் பச்சை வாசனையும் சூடான மண் வாசனையும் கலந்து வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சத்தம் இல்லை. இப்படி ஓர் இடம் நான் பிறந்த உலகத்திலேயே இருந்திருக்கிறது, இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

பக்கத்தில் பேச்சைக் காணோம். திரும்பினேன். விடுப்பர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். வாய் திறந்திருந்தது. வார்த்தை வரவில்லை. விடுப்பர் வாயிலிருந்து வார்த்தை வராததை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மாரடைப்போ என்று பயந்துவிட்டேன்.

"அண்ணே! உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஸ்ஸ்… ஒண்டும் கேக்கேல்லை."

"என்ன கேக்கலை?"

"ஒண்டுமே கேக்கேல்லை தம்பி. நீர் கொஞ்சம் பேசாமல் நில்லும்."

நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து விடுப்பர் ஓர் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக விட்டார். சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டு வந்ததாம், இந்த இடத்தில் அது மரியாதை இல்லையாம். மணியின் மேலும் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். அன்று முழுவதும் அவர் அதற்குப் பிறகு பேசியது இரண்டு வார்த்தைதான். ஊர் ஊராகத் தாண்டும்போது, "என்ன வடிவு" என்பார். கொஞ்ச தூரம் போய் மறுபடி, "என்ன வடிவு."

அடுத்த நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகவே போகிற வெள்ளைப் பாதை. மாப்பிள்ளையின் கிராமத்துக்கு முந்தின ஊரை எட்டியிருந்தோம். விடுப்பரின் பின் டயரில் முள் ஏறிவிட்டது. காற்று இறங்கும் சத்தம் கூட அங்கே பெரிதாகக் கேட்டது. பசை, ஒட்டு எல்லாம் அவருடைய ஒஸ்லோ வீட்டில் பத்திரமாக இருந்தது.

அப்போது கொடி வரிசைக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்தார். ஓலைத் தொப்பி, கையில் கத்தரிக்கோல், நம்மைப் போலக் கறுப்பு. எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, நம்ம ஆளோ?"

விடுப்பர் கண்ணைச் சுருக்கி அளந்தார். "சீச்சீ. நடையைப் பாரும். யாழ்ப்பாணத்தான் இப்பிடி அந்தரம் அவசரமில்லாமல் நடப்பானோ? இது ரீயூனியன் தீவுப் பக்கத்து ஆள். பிரெஞ்சு மட்டும்தான் தெரியும்."

வந்தவர், "போன்ஷூர்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. சைக்கிளைக் கவிழ்த்தார், டியூபை உருவினார், ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தார், தோட்டத்துக் கொட்டகையிலிருந்து பசை கொண்டுவந்து ஒட்டினார். பசை காயும் வரை மூன்று பேரும் கல்மதில் நிழலில் உட்கார்ந்தோம். உதவி செய்தவரை வெறுமனே விடலாமா? விடுப்பர் டப்பாவைத் திறந்து பயத்தம் உருண்டையை நீட்டினார். அந்த ஆள் ஒன்றை எடுத்தார். இடது உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே குழிவாக வைத்துக்கொண்டு, ஒரு பொடி சிந்தாமல் கடித்தார். அப்புறம் ரொம்ப நேரம் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு மென்றார். இன்னொன்று எடுக்கலாமா என்று சைகையில் கேட்டார்.

"பாவம், பசி போலை" என்றார் விடுப்பர். அவருக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. தமிழ் தெரியாத ஒரு மனிதர், சத்தமில்லாத ஓர் இடம். முந்தின நாளிலிருந்து அடங்கிக் கிடந்த வாய் அங்கே திறந்தது. இந்தத் தடவை கேள்வியாக வரவில்லை.

"அண்ணை, உமக்கு நான் சொல்லுறது விளங்காது. அதுதான் சொல்லுறன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள். ஊரிலை சண்டை. பெட்டையைக் கெதியா வெளியிலை அனுப்பிப்போட வேணும் எண்டு, ஒரு போட்டோவைப் பார்த்து, ஆர் எவர் எண்டு கேக்காமல் நான்தான் கட்டிக் குடுத்தனான். அவள் பட்ட பாடு… அவள் இப்ப இல்லை. அண்டையிலை இருந்துதான் நான் ஊர் முழுக்கக் கேட்டுத் திரியிறன். ஆரின்ரையோ பிள்ளையளுக்கெல்லாம் கேட்டனான். இப்ப என்ர பிள்ளை. ஒரு பிழையும் கிடைக்கேல்லை அண்ணை. பிழை கிடைக்கேல்லை எண்டால் பிழை இல்லையோ, இல்லாட்டி எனக்குக் கண் தெரியேல்லையோ? நான் ஓம் எண்டு சொல்லி, பிறகு அவளும் அழுதால் நான் என்ன செய்வன்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் அவரை ஒரு வேடிக்கையாகத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடித்த பம்பும் சுரண்டிய அட்டைகளும் எங்கிருந்து வந்தன என்று அந்தக் கல்மதிலில்தான் தெரிந்தது.

தொப்பிக்காரர் டியூபை மாட்டிக் காற்று அடித்து, விரலால் அமுக்கிப் பார்த்தார். எழுந்து விடுப்பரின் தோளில் கையை வைத்து, மெதுவாகப் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னார். ஆச்சரியம், அது எனக்கு முழுதாகப் புரிந்தது!

"அண்ணே! உங்க பொண்ணு கொடுத்து வெச்சவன்னு சொல்றார்!"

"பார்த்தீரோ? முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். மனுசன்" என்று விடுப்பர் நெகிழ்ந்துபோனார். பரீட்சைக்கு வெளியே ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் நான் கிராமம் வரை விசிலடித்துக்கொண்டு மிதித்தேன். எங்கள் இரண்டு பேர் மூளையும் அன்று வேலை செய்யவில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு ஒரு விடுதியில் தங்கிவிட்டு, காலையில் விலாசத்தைத் தேடிப் போனோம். நீலக் கதவு. ஜன்னலோரம் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று. விடுப்பர் வழக்கம்போல எதிரே சைக்கிளை நிறுத்தி, பம்பை எடுத்தார். சரியாக நாலு அடி அடித்திருப்பார். கதவு திறந்தது. அதே ஆள், ஓலைத் தொப்பி இல்லாமல்.

"வாங்கோ சம்பந்தி. நேற்று நல்லா ஒட்டினனான், ரியூப்புக்குக் காத்து காணும், இனி அடிக்கத் தேவையில்லை. பயத்தம் உருண்டை மிச்சம் கிடக்கோ?"

விடுப்பர் பம்பைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கள்… ஊரிலை எவடம்?"

"அளவெட்டி."

"அதுதானே பார்த்தன்!" என்றார் விடுப்பர். "நேற்று உருண்டையைப் பிடிச்ச பிடியிலையே நினைச்சனான்!"

இந்த ஒரு பொய்க்காக அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம்.

உள்ளே தேத்தண்ணி வந்தது. நீங்கள் வருவது மகளுக்குத் தெரியாமலா இருக்கும், அவள் நிரோஜனிடம் சொல்லாமலா இருப்பாள் என்று வீட்டு அம்மா சிரித்தார். கலியாணம் கலைப்பதில் பெரிய ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாளாக அந்தப் பாதையில் கண் வைத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றாராம் அவர் புருஷன்.

"உங்களை விசாரிக்க வேணும் எண்டுதான் வாயைத் திறக்காமல் இருந்தனான்" என்றார் சம்பந்தி. "குறை நினைக்காதையுங்கோ. இனி நீங்கள் கேளுங்கோ. ஏன் பாரிசை விட்டு வந்தனீங்கள் எண்டுதானே எல்லாரும் கேக்கிறவை? அங்கை ஒரு ரெயில் போனாலும் நான் மேசைக்குக் கீழை பூந்திடுவன். ஊரிலை கேட்ட சத்தம் காதை விட்டுப் போகேல்லை. ஒருக்கால் திராட்சை வெட்டுற வேலைக்கெண்டு இஞ்சை வந்தனான். அண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான். பிறகு நான் போகேல்லை."

விடுப்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லத் தேவையில்லை. அந்த றோட்டிலை வரேக்கையே விளங்கிட்டுது" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மத்தியானம் புட்டும் மீன் குழம்பும். சாப்பிட்டு முடித்ததும் ஒஸ்லோவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள் அபி. போனை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நிரோஜன் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளை, ஒரு பிழை கண்டுபிடிச்சிட்டன்" என்றார் விடுப்பர்.

நிரோஜன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.

"இவையள் புட்டுக்குத் தேங்காய்ப்பூ குறைச்சுப் போடினம். நீ வந்து திருத்து."

போனுக்குள் அவள் அழுவது அந்தச் சமையலறை முழுவதும் கேட்டது. நல்ல சத்தம் அது.

கல்யாணம் முடிந்து சில மாதத்தில் கம்பெனி என்னைத் திருச்சிக்குத் திருப்பி அனுப்பியது. எனக்கும் பெண் பார்த்தார்கள், கட்டி வைத்தார்கள். விடுப்பர் அதன் பிறகு யாருக்கும் விசாரிக்கப் போவதில்லை என்றும், கோடை வந்தால் சைக்கிளைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு பூர்கோஞ் கிளம்பிவிடுகிறார் என்றும், இரண்டு சம்பந்திகளும் ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க அந்தப் பாதையில் மிதிக்கிறார்கள் என்றும் அபி சொல்வாள்.

போன வாரம் பேச்சுவாக்கில் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, நோர்வேயிலிருந்து ஒருத்தர் அவள் அப்பாவுக்குப் போன் பண்ணினாராம். ரொம்ப நேரம் பேசினாராம். என் மாமனார் வீட்டு நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"அடப்பாவி, என்னென்ன கேட்டாராம்?" என்றேன்.

"ஒண்ணுமே கேக்கலையாம். உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருந்தாராம்."